இரண்டு நூல்

குளியலறைத் திரையைத் தாங்கியிருந்த குழாயை
நேற்று இரவு கழற்றினேன்.
அலுமினியம். மெல்லிய சுவர்.
பெருவிரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் அளவு உள்வாய்.
கடையில் கேட்டால் பதினொரு யூரோ,
அதுவும் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.
எனக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் கை ஓடும்.

ராஸ்லேர் துறைமுகத்தில்
லாரிகளுக்குச் சீட்டுப் பார்ப்பவள் நான்.
'மூன்றாம் வரிசை', 'அடுத்து', 'கைப்பிரேக்':
இதற்கு மேல் ஒரு நாளைக்கு
என் வாய்க்கு வேலையில்லை.

சின்ன விசில் வேண்டாம்,
அது காதைக் கிள்ளும்.
விலாவுக்குள்ளிருந்து பேசுகிற ஒன்று வேண்டும்.
தாழ்ந்து பேச நீளம் தேவை:
ஒரு முழத்துக்கு மேல் அரைச்சாண்.

ரொட்டிப் பலகையின் மூலையை அறுத்து
உருட்டித் தேய்த்து
வாய்ப்பக்கம் அடைத்தேன்.
அடைப்பதும் கட்டை, சுருதியும் கட்டை.
ஒன்று சரியில்லாவிட்டால்
மற்றதைப் பற்றிப் பேசியே பயனில்லை.
கட்டையின் மேல்முகத்தில் ஒரு நாணயக் கனம் சீவினேன்.
மூச்சு போக அவ்வளவுதான் சந்து.
சந்துக்கு எதிரே ஒரு ஜன்னல்,
ஜன்னலின் கீழ்விளிம்பை அரத்தால் சரித்துச் சரித்து
கத்தியாக்கினேன்.

ஊதினேன்.
காற்று வந்தது, வெறும் காற்று.
என் கெட்டில் இதைவிட நன்றாகப் பாடும்.

கட்டையை மயிரிழை பின்னால் இழுத்தேன்.
கிரீச்.
இன்னும் ஒரு மயிரிழை. விளிம்பில் மறுபடி அரம்.
சந்துக்குள் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு,
மூச்சின் ஈரம் முத்துமுத்தாய்த் திரண்டு அடைக்காமலிருக்க.
பிறகு வந்தது
வயிற்றில் முதலில் கேட்ட ஒலி.

ஆறு துளைக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன்.
கடைசித் துளைக்கு என் மோதிர விரல் எட்டவில்லை.
மோதிரம் போன பிறகு
ஒரு வேலையும் செய்யாமல் வளர்ந்த விரல்,
சோம்பேறி.
கணக்கை விட்டுவிட்டு
துளையைப் பக்கவாட்டில் நகர்த்தினேன்.
இப்போது எட்டுகிறது. ரொம்பப் பெருமை அதற்கு.

அப்புறம்தான் அந்தத் தப்பு.
அடுப்பருகே உட்கார்ந்து
கைபேசியின் முள்ளைப் பார்த்துப் பார்த்து
கீழ்முனையை அறுத்துக்கொண்டிருந்தேன்.
அறுக்க அறுக்கச் சுருதி ஏறும்.
ஏறியதை இறக்க
உலோகம் முளைக்காது.
இரண்டு நூல் அதிகமாகப் போய்விட்டது ரம்பம்.
முள் நடுவைத் தாண்டி அசையாமல் நின்றது,
தவறான வரிசையில் ஏறிவிட்டு
பின்னால் வர மறுக்கும் டிரைலர் மாதிரி.

தாயின் முன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

பழைய இடத்திலேயே மாட்டிவிடலாமா என்று
குளியலறைக்கு எடுத்துப்போனேன்.
ஆறு ஓட்டை, பாதி நீளம்,
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும்
இனி இது பாலமாகாது.
ஜன்னல் சரியாக மூடாத அறை அது.
பிப்ரவரிக் கடல் உள்ளே வந்து போகும்.
குழாய் கையில் பனிக்கட்டியானது.
ஏதோ கோபத்தில்
எல்லாத் துளையையும் மூடி ஊதினேன்.

முள் இறங்கி வந்து
நட்டநடுவே நின்றது.

குளிர்ந்த காற்றில் ஒலிக்கு நடை மந்தம்.
நான் அறுத்த இரண்டு நூலை
குளிர் திருப்பிக் கொடுத்திருக்கிறது.
மறுபடி ஊதினேன். நீளமாக.
ஓடுகள் அதை வாங்கி வைத்துக்கொண்டு
மெதுவாகத்தான் விட்டன.

கதவு அதிர்ந்தது.
கீழ்வீட்டு ரிமாண்டஸ், லிதுவேனிய லாரிக்காரர்.
ஒரு காலில் பூட்ஸ், மற்றதில் காலுறை,
கழுத்தில் சாவிக்கொத்து.
'போய்விட்டதா?' என்றார், 'செர்பூர் கப்பல்?'

நான் குழாயைக் காட்டினேன்.
அவர் அதைப் பார்த்தார்,
சுவரில் நின்ற இரண்டு வெறும் திருகாணிகளைப் பார்த்தார்.
'எப்படிக் குளிப்பாய்?'
'ஓரமாக நின்று.'

போய்விடுவார் என்று நினைத்தேன்.
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
பூட்ஸ் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.
'இன்னொரு தடவை' என்றார், நிமிராமலே.
'இந்தத் தடவை கப்பலில்லை என்று தெரிந்து கேட்கிறேன்.'

ஊதினேன்.
கீழ்முனையிலிருந்து என் மூச்சு ஒரு சொட்டாகி
அவர் காலுறையில் விழுந்தது.